இலை விலையும் பொருளாதாரப் படிப்பும்

கேள்வி: பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் பி.ஏ. பொருளாதாரம் கடைசி வருடம் படிக்கிறேன். பிளஸ் டூ வரை தமிழ் வழி. சாத்தான்குளம் பக்கம் எங்கள் ஊர். அப்பா சுற்றுவட்டாரத்தில் நிலாவாரை இலை வாங்கி, தூத்துக்குடி ஏற்றுமதிக்காரர்களுக்குக் கொடுக்கிறார். வளரும் நாடுகளின் வாணிபத்தையும் வளர்ச்சியையும் ஆராய்கிற பேராசிரியராக வேண்டும் என்பது என் ஆசை. வீட்டில் பி.எட். படி, இல்லாவிட்டால் பேங்க் பரீட்சை எழுது என்கிறார்கள். "ரூமுக்குள்ள இருந்து எழுதுதவனுக்கு எலை வெல என்னட்டி தெரியும்?" என்கிறார் அப்பா. பதில் சொல்லத் தெரியவில்லை.
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள மகளுக்கு,

அப்பா கேட்டது நியாயமான கேள்வி. அறையை விட்டு வெளியே வராதவனுக்கு இலை விலை தெரியாதுதான். ஆனால் இந்தத் துறையில் நிலைத்து நிற்கிற ஆய்வுகள் பல கடற்கரையிலும் சந்தையிலும் கேட்டு எழுதியவை. ராபர்ட் ஜென்சன் என்ற அமெரிக்க அறிஞர், வடகேரளத்து மத்தி மீனவர்களிடம் வாராவாரம் விலை கேட்டுக் குறிக்க ஏற்பாடு செய்தார். 1997-க்கும் 2001-க்கும் இடையே அந்தக் கரையோரத்துக்கு செல்போன் பகுதி பகுதியாக வந்துகொண்டிருந்தது. அதற்கு முன், ஒரு கரையில் வாங்க ஆளில்லாமல் மீனைக் கடலிலேயே கொட்டுவார்கள். அதே காலையில் பக்கத்துக் கரையில் மீன் கிடைக்காமல் வியாபாரி வெறுங்கூடையோடு திரும்புவார். போன் வந்ததும் படகில் இருந்தபடியே விசாரித்து, விலை கிடைக்கிற கரைக்குப் போனார்கள். மீன் வீணாவது நின்றது. மீனவர் லாபம் சராசரியாக 8 சதவீதம் கூடியது. வாங்கிச் சாப்பிடுகிறவர்களுக்கு விலை 4 சதவீதம் குறைந்தது. 2007-ல் வந்த இந்தக் கட்டுரையை அப்பாவிடம் விவரமாகச் சொல். அவருக்கு உடனே பிடிபடும்.

டேவ் டொனால்ட்சன் என்பவர் வெள்ளைக்காரர் காலத்து ரயில் பாதைகளை ஆராய்ந்தார். சரக்கு கொண்டுபோக அன்றைக்கு என்ன செலவானது என்று கண்டுபிடிக்க அவர் எடுத்துக்கொண்டது உப்பு விலை. உப்பு சில இடங்களில்தான் விளையும்; எந்த ஊர் உப்பு என்று பெயர் சொல்லியே விற்பார்கள். ஆகவே விளைகிற இடத்து விலையையும் விற்கிற ஊர் விலையையும் கழித்துப் பார்த்தால் வழிச்செலவு தெரிந்துவிடும். ரயில் வந்த ஊர்களில் அந்த வித்தியாசம் சுருங்கியதை அவர் காட்டினார். உப்பளத்தைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் நம் பக்கம் எத்தனை பேர்! இந்த யோசனை நமக்கும் வந்திருக்கலாமே என்ற ஏக்கம் எனக்கு உண்டு.

உன் வீட்டுச் சரக்குக்கே வருவோம். ஐரோப்பிய மருந்து நூல்களில் 'திருநெல்வேலி சென்னா' என்று நம் ஊர்ப் பெயரோடு இடம்பிடித்த இலை அது. இலையாகப் போகிறது, மலச்சிக்கல் மாத்திரையாக அங்கே விற்கிறது. மூலப்பொருள் விற்கிற நாடுகளுக்கு, தொழிற்சாலைப் பொருளின் விலையோடு ஒப்பிட்டால் காலப்போக்கில் கிடைக்கிற விலை தேய்கிறது என்று 1950-ல் பொருளாதார அறிஞர்கள் ரால் பிரெபிஷும் ஹான்ஸ் சிங்கரும் தனித்தனியாகச் சொன்னார்கள். எல்லாச் சரக்குக்கும் இது பொருந்தாது என்று பிற்பாடு வாதம் வந்தது. நிலாவாரைக்குப் பொருந்துமா? நீ பார்த்துச் சொல்லலாம்.

அப்பாவின் பழைய கணக்கு நோட்டுகளை எடு. தேதி, எடை, தரம், கொடுத்த விலை, தூத்துக்குடியில் வாங்கிய விலை எல்லாவற்றையும் எக்செலில் ஏற்று. மத்திய வர்த்தக அமைச்சகத்தின் ஏற்றுமதிப் புள்ளிவிவரம் இணையத்தில் இலவசம். 1211 என்ற தலைப்பில் மருந்துச் செடிகள் இருக்கும். அதில் நிலாவாரையின் மதிப்பை எடையால் வகுத்தால் சராசரி ஏற்றுமதி விலை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வை. வெளிநாட்டில் விலை ஏறும்போது நம் விவசாயிக்கு எவ்வளவு வந்து சேர்கிறது, இறங்கும்போது யார் தலையில் விழுகிறது என்பது தெரிய ஆரம்பிக்கும். இந்த நோட்டு எந்தப் பெரிய பல்கலைக்கழகத்திலும் கிடையாது.

வாணிபம் பெருகினால் எல்லாருக்கும் நல்லது என்று மட்டும் நினைத்துக்கொண்டு போகாதே. 1991-க்குப் பின் இறக்குமதி வரி குறைந்ததை மாவட்ட வாரியாக ஆராய்ந்த பெத்யா தோபலோவா, போட்டி அதிகம் தாக்கிய கிராமப்புற மாவட்டங்களில் வறுமை மெதுவாகத்தான் குறைந்தது என்று கண்டார். மாநில வாரியாகப் பார்த்த வேறு சிலருக்கு அப்படித் தெரியவில்லை. ஒரு தொழில் படுத்தால் இன்னொன்றுக்கு மாற முடியாதவர்கள்தான் அடிபடுகிறார்கள். முக்கூடலில் பீடி சுற்றுகிற பெண்ணை நினைத்துப் பார். அவர்களைத் தெரிந்தவர்கள் இந்தத் துறைக்குப் போயே ஆக வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

தமிழ் வழி தடையில்லை. கணக்குதான் தடை. பொருளாதார அறிஞர் ஜகதீஷ் பகவதியோடு சேர்ந்து இந்திய வாணிபக் கொள்கையை ஆராய்ந்த டி.என். சீனிவாசன், சென்னைப் பல்கலைக்கழகத்தில் முதலில் படித்தது கணிதம். நுண்கணிதம், அணிகள் (மேட்ரிக்ஸ்), புள்ளியியல் மூன்றையும் இந்த வருடமே பிடித்துக்கொள். உன் கல்லூரிக் கணிதத் துறையில் ஒரு ஆசிரியரிடம் போய்க் கேள், மறுக்க மாட்டார்.

எம்.ஏ.வுக்கு சென்னை மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ், திருவனந்தபுரம் வளர்ச்சி ஆய்வு மையம் இரண்டுக்கும் விண்ணப்பி. பின்னது நாகர்கோவில் தாண்டினால் வந்துவிடும், வீட்டிலும் பயப்பட மாட்டார்கள். அடுத்து யு.ஜி.சி. நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆய்வாளர் தகுதியை வாங்கினால், ஆராய்ச்சி செய்யும்போதே மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை. வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வரும். ஆகவே வாரம் ஒரு ஆங்கிலக் கட்டுரை, அகராதியோடு. சம்பளம் இல்லாமல் வருடக்கணக்கில் படிப்பாளோ என்ற கவலைதான் வீட்டில் பி.எட்., பேங்க் என்று பேச வைக்கிறது. இந்தத் தொகையை முதலில் சொல்லிவிட்டுப் பேச்சை ஆரம்பி.