ஜெப ஆலயத்தில் பாராட்டு விழா: பொன்னாடை போர்த்தலாமா?

நியூ ஜெர்சியில் வசிக்கும் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார்: "எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர், மரபு வழுவாத யூத ஜெப ஆலயம் ஒன்றில் 27 ஆண்டுகளாகக் 'கபாய்' என்ற பொறுப்பில் இருந்து இப்போது ஓய்வு பெறுகிறார். சனிக்கிழமை காலை வழிபாட்டில் அவருக்குச் சிறப்பு செய்கிறார்கள். ஞாயிறு மாலை விருந்து. இரண்டுக்கும் எங்களைக் குடும்பத்தோடு அழைத்திருக்கிறார். பொன்னாடை போர்த்தி, மாலை அணிவித்து, 101 டாலர் மொய் வைக்கலாம் என்று நினைக்கிறோம். என் மனைவி வீட்டில் செய்த இனிப்பு கொண்டுவர விரும்புகிறார். விருந்தில் இரண்டு நிமிடம் பேசவும் சொல்லியிருக்கிறார்கள். எது சரி, எது தவறு?"

உங்கள் எண்ணம் நல்ல எண்ணம். நீங்கள் கேட்டவற்றில் பெரும்பாலானவற்றைச் சிறு மாற்றங்களோடு செய்துவிடலாம். ஆனால், அங்கே ஒருவரைச் சிறப்பிப்பது எப்படி என்பதை முதலில் தெரிந்துகொண்டால், எதை எங்கே மாற்ற வேண்டும் என்பது உங்களுக்கே விளங்கிவிடும்.

மரியாதை என்பதற்கு எபிரேய மொழியில் 'கவோத்' என்று பெயர். எடை, பாரம் என்ற பொருளுள்ள வேரிலிருந்து பிறந்த சொல் அது. தமிழில் 'கனம்' என்ற சொல் இதே இரு பொருளையும் சுமப்பதால்தான், பத்துக் கட்டளைகளில் பெற்றோரைப் பற்றிய கட்டளையை மொழிபெயர்த்தவர்கள் 'கனம்பண்ணுவாயாக' என்று எழுதினார்கள். அதைவிடப் பொருத்தமான தமிழ் அமைவது கடினம். ஜெப ஆலயத்தில் இந்தக் கனம் சொல்லளவில் நிற்பதில்லை. அங்கே ஒருவருக்கு மரியாதை செய்வதென்றால், வழிபாட்டில் ஒரு வேலையை அவர் கையில் கொடுப்பது. திருச்சுருள்கள் இருக்கும் பேழையைத் திறப்பது, தோரா என்னும் யூதத் திருமறையின் சுருளை உயர்த்திக் காட்டுவது, அதைச் சுருட்டிக் கட்டி உறையிடுவது ஆகிய மூன்றுக்குமே 'மரியாதைகள்' என்றுதான் பெயர். சுருளை உயர்த்துபவர் குறைந்தது மூன்று எழுத்துப் பத்திகள் தெரியும்படி அதை விரித்துப் பிடித்துத் தூக்க வேண்டும். தோலில் எழுதிய சுருள் பல கிலோ எடையுள்ளது. அது தவறிக் கீழே விழுந்தால் சபையினர் நோன்பிருக்கும் வழக்கம் உண்டு. ஆக, அந்த மரியாதை உண்மையிலேயே கனமானது.

இவற்றுள் முதன்மையானது 'அலியா', அதாவது தோரா வாசிப்புக்கு மேடையேற அழைக்கப்படுவது. சனிக்கிழமை காலையில் ஏழு பேரை அழைப்பார்கள். முதலில் ஆசாரிய மரபினர், அடுத்து ஆலயப் பணி மரபினரான லேவியர், பிறகு மற்றவர்கள். ஏழு பேருக்குப் பின் தீர்க்கதரிசிகளின் பகுதியைப் படிக்க மேலும் ஒருவர் வருவார். உங்கள் பெரியவரை அன்று அவருடைய எபிரேயப் பெயரையும் தந்தையின் பெயரையும் சேர்த்துச் சொல்லி அழைப்பார்கள். அவர் நடப்பதைக் கவனியுங்கள். மேடைக்குக் குறுகிய வழியாகப் போவார். தம் தொழுகைப் போர்வையின் குஞ்சத்தால் சுருளில் வாசிப்பு தொடங்கும் இடத்தைத் தொட்டு, அந்தக் குஞ்சத்தை முத்தமிடுவார். கைப்பிடியைப் பற்றிக்கொண்டு இறைவனைப் போற்றும் வாழ்த்துரை சொல்வார். வாசிப்பு முடிந்ததும் உடனே இறங்கிவிடாமல், அடுத்தவருடைய முறை முடியும் வரை மேடையிலேயே நின்று, பிறகு நீண்ட வழியாகத் திரும்புவார். வரும்போது விரைவும், போகும்போது பிரிய மனமில்லாத தயக்கமும் காட்ட வேண்டும் என்பது மரபு.

இத்தனை ஆண்டுகளாக அந்த மேடையின் ஓரத்தில் நின்று மற்றவர்களை அழைத்தவர் அவர். கபாயின் வேலை என்னவென்று தெரிந்தால் இந்த விழாவின் அருமை புரியும். தோராச் சுருளில் உயிர்க்குறிகளோ இசைக்குறிகளோ கிடையா. ஆகவே வாசிப்பவருக்கு அருகில், குறிகளோடு அச்சிட்ட நூலில் விரலை வைத்தபடி ஒவ்வொரு சொல்லையும் தொடர்ந்து பார்த்து, பிழை நேர்ந்தால் உடனே, ஆனால் வாசிப்பவர் வெட்கப்படாதபடி, திருத்த வேண்டும். யாருக்குக் குழந்தை பிறந்திருக்கிறது, யாருக்குத் திருமணம், யாருடைய தந்தையின் நினைவுநாள் இந்த வாரம் வருகிறது என்பதையெல்லாம் நினைவில் வைத்து, அவரவருக்குரிய அழைப்பைக் கொடுக்க வேண்டும். மூன்று பேருக்குக் கொடுக்க வேண்டிய இடம் ஒன்றே இருக்கும் வாரங்களில் மற்ற இருவரின் மனக்குறையையும் அவர்தான் தாங்கிக்கொள்ள வேண்டும். எல்லாரையும் பெயர் சொல்லி அழைத்தவரை அன்று இன்னொருவர் பெயர் சொல்லி அழைப்பார். விழாவின் உச்சம் அதுதான். ஆகவே, தாமதமாகப் போய் அதைத் தவறவிட்டுவிடாதீர்கள்.

இந்த அழைப்பு எவ்வளவு பெரியது என்பதற்கு நம் பக்கத்திலேயே ஒரு சான்று இருக்கிறது. கொச்சி மட்டாஞ்சேரியில் 1568-இல் கட்டப்பட்ட பரதேசி ஜெப ஆலயத்தில், விடுவிக்கப்பட்ட அடிமைகளின் வழிவந்த யூதர்களுக்கு நெடுங்காலம் இருக்கையில் அமரும் உரிமையும் தோராவுக்கு அழைக்கப்படும் உரிமையும் மறுக்கப்பட்டன. அந்த வழியில் பிறந்து, சென்னையில் படித்துச் சட்டப் பட்டம் பெற்ற ஏ. பி. சேலம், 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அதே ஆலயத்தில் காந்திய வழியில் அறப்போராட்டம் நடத்தினார். தடைகள் படிப்படியாக நீங்கின. அவர்கள் கேட்டது பரிசோ பட்டமோ அல்ல, மேடையேறி வாழ்த்துரை சொல்லும் அந்தச் சில நிமிடங்களைத்தான்.

நமக்குப் பழகிய மரியாதை முறையும் அதே ஆலயத்தில் பாதுகாக்கப்பட்டிருக்கிறது. ஏறத்தாழ கி.பி. 1000-இல் சேர அரசன் பாஸ்கர ரவிவர்மன் யூதத் தலைவர் யோசேப்பு ரப்பானுக்கு வழங்கிய வட்டெழுத்துச் செப்பேடுகளில், அஞ்சுவண்ணம் என்ற வணிகக் குழுவின் உரிமையோடு 72 உரிமைகள் கொடுக்கப்பட்டுள்ளன. பகல் விளக்கு, நடந்து செல்ல விரிக்கும் பாவாடை, பல்லக்கு, குடை, பறை, எக்காளம் என்று நம் கோயில் ஊர்வலங்களில் இன்றும் காணும் சிறப்புகள் அவை. அரசன் தலைவனுக்குத் தன் முறையில் சிறப்புச் செய்தான்; தலைவனும் ஏற்றுக்கொண்டான். ஆகவே, உங்கள் பொன்னாடை யூதர்களுக்கு ஆகாத ஒன்று என்று நான் சொல்லப் போவதில்லை. இடமும் நேரமும் பார்த்துச் செய்யுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

சனிக்கிழமை காலை வெறுங்கையோடு போங்கள். வெள்ளி சூரியன் மறைவதற்குச் சற்று முன்பு தொடங்கி, சனி இரவு விண்மீன்கள் தோன்றும் வரை ஓய்வுநாள். அந்நேரத்தில் பணத்தைத் தொடுவது, எழுதுவது, விளக்கை ஏற்றுவது அணைப்பது, மின்கருவிகளை இயக்குவது ஆகிய எதையும் அவர்கள் செய்வதில்லை. கைப்பேசியை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். புகைப்படம் எடுக்கக் கூடாது. அவர்கள் அன்று வண்டி ஓட்டமாட்டார்கள் என்பதால், நீங்கள் காரில் போனாலும் சற்றுத் தள்ளி நிறுத்திவிட்டு நடந்து செல்வது நயமானது. ஆண்கள் தலையை மூட வேண்டும். வாசலில் சிறு தொப்பிகள் வைத்திருப்பார்கள். தொழுகைப் போர்வைகளும் அங்கே தொங்கும்; அவை யூதர்களுக்கு மட்டும் உரியவை, எடுக்க வேண்டாம். ஆண்களும் பெண்களும் தனித்தனியே அமர்வார்கள். உங்கள் மனைவிக்குப் புடவை மிகப் பொருத்தமான உடை. தோளும் கையும் மூடியிருந்தால் போதும்.

பெரியவர் மேடையிலிருந்து இறங்கி வரும்போது பலரும் கைகுலுக்கி, 'யஷர் கோவாஹ்' என்பார்கள். 'உங்கள் வலிமை நிலைக்கட்டும்' என்பது அதன் கருத்து. நீங்களும் சொல்லலாம், மகிழ்ந்துபோவார். ஆனால் மரபு வழுவாத சபைகளில், குடும்பத்தார் அல்லாத ஆணும் பெண்ணும் தொட்டுக்கொள்வதைத் தவிர்ப்பார்கள் என்பதால், உங்கள் மனைவி கை நீட்டாமல் நம் வழக்கப்படி கைகூப்பி வாழ்த்தலாம்.

பொன்னாடையை ஞாயிறு விருந்தில் கொடுங்கள், போர்த்த வேண்டாம். நான்கு மூலையுள்ள ஆடையை அணிந்தால் அதன் மூலைகளில் குஞ்சம் இருக்க வேண்டும் என்பது தோராவின் கட்டளை. தோளில் போடும் துண்டு அதற்குள் அடங்காது என்று விளக்கம் சொல்ல முடியும் என்றாலும், மேடையில் நின்றுகொண்டு அந்தக் கேள்வியை யோசிக்கும் நிலையை அவருக்கு ஏற்படுத்தக் கூடாது. மடித்து, இரு கைகளாலும் கொடுத்து, 'எங்கள் ஊரில் பெரியவர்களுக்கு இப்படித்தான் மரியாதை செய்வோம்' என்று ஒரு வரி சொல்லுங்கள். துணி பட்டாகவோ பருத்தியாகவோ இருக்கட்டும். கம்பளி நூலும் ஆளிச்செடி நாரில் நூற்ற லினன் நூலும் கலந்த துணியை அணிய அவர்களுக்குத் தடை உண்டு. கோபுரமோ தெய்வ உருவமோ நெய்த கரை வேண்டாம். மாலையும் ஆரத்தியும் அவர்கள் கண்ணுக்குத் தெய்வ வழிபாட்டின் பகுதியாகத் தெரியும் என்பதால் அவற்றை விட்டுவிடுங்கள்.

வீட்டு இனிப்பைப் பற்றிச் சொல்லச் சற்று வருத்தமாகத்தான் இருக்கிறது. சைவம் என்றால் சிக்கல் இல்லை என்று நம்மவர்கள் பலரும் நினைக்கிறார்கள். கோஷர் எனப்படும் யூத உணவு விதி பொருளைப் பற்றியது மட்டும் அன்று; சமைத்த பாத்திரத்தையும் அடுப்பையும் பொறுத்தது. ஆகவே, நெய்யும் சர்க்கரையும் மட்டும் சேர்த்துச் செய்தாலும் அவரால் உண்ண முடியாது; மறுக்கவும் சங்கடப்படுவார். வெள்ளிக்கிழமை பிற்பகலே நறுக்காத முழுப் பழங்களைக் கூடையில் வைத்து வீட்டில் கொடுத்துவிடுங்கள்.

மொய்யில் நாம் ஒன்றைக் கூட்டி 101 வைப்பதுபோல், அவர்கள் 18-இன் மடங்கில் வைப்பார்கள். உயிருள்ளது என்று பொருள்படும் 'ஹை' என்ற சொல்லின் இரு எழுத்துகளுக்கும் எண்மதிப்பு 8, 10, கூட்டினால் 18. ஆகவே 101-க்குப் பதில் 108 டாலர் வையுங்கள். 18-இன் ஆறு மடங்கு அது, நமக்கும் பிடித்த எண். அதை அவர் கையில் கொடுக்காமல், அவர் பெயரைக் குறிப்பிட்டு ஆலயத்துக்கோ அவர் விரும்பும் அறப்பணிக்கோ ஞாயிறன்று காசோலையாக அனுப்புங்கள். இன்னார் உங்கள் சிறப்புக்காக நன்கொடை அளித்தார் என்று அவருக்கு ஆலயம் ஓர் அட்டை அனுப்பும். வழக்கமாக அதில் தொகை இருக்காது. அந்த நாகரிகம் எனக்கு மிகவும் பிடிக்கும்.

இனி உங்கள் பேச்சு. ஒருவருடைய புகழில் ஒரு பகுதியை மட்டுமே அவர் முன்னிலையில் சொல், முழுவதையும் அவர் இல்லாதபோது சொல் என்கிறது யூத மரபுச் சட்ட விளக்க நூலான தல்மூது. எனவே 'வள்ளல்', 'மாமனிதர்' போன்ற அடைமொழிகளை அடுக்காதீர்கள். ஓய்வுநாள் காலையில் தோரா வாசித்த பிறகு சபை சொல்லும் வேண்டுதல் ஒன்று உண்டு: வெளிச்சத்துக்கு விளக்கு தருபவர்கள், ஓய்வுநாள் சடங்குக்குத் திராட்சை ரசம் தருபவர்கள், வழிப்போக்கருக்கு ரொட்டியும் ஏழைகளுக்குத் தர்மமும் தருபவர்கள், சபையின் தேவைகளுக்காக உண்மையோடு உழைப்பவர்கள் ஆகியோருக்கு இறைவன் பலன் அளிப்பானாக என்பது அது. வாரந்தோறும் சொல்லப்படும் அந்த நன்றியில் ஒருவர் பெயரும் இல்லை. அவரவர் செய்த வேலை மட்டுமே இருக்கிறது. நீங்களும் அவ்வாறே, அண்டை வீட்டாராக நேரில் கண்ட ஒரே ஒரு செயலை விவரமாகச் சொல்லுங்கள்.

ஓர் எச்சரிக்கை. இத்தகைய பெரியவர்கள் பலர், இறந்தவரைக் குளிப்பாட்டி அடக்கத்துக்கு ஆயத்தம் செய்யும் 'ஹெவ்ரா கதிஷா' குழுவிலும் இருப்பார்கள். இறந்தவர் கைம்மாறு செய்ய இயலாது என்பதால் அதை 'உண்மையான கருணை' என்று அழைக்கிறார்கள். மோசேயின் நினைவுநாளாகக் கருதப்படும் எபிரேய நாட்காட்டியின் ஆதார் மாதம் 7-ஆம் நாளை ஒட்டி அக்குழுவினர் தங்களுக்குள் நோன்பிருந்து விருந்துண்பது பல ஊர்களில் உண்டு. மற்றபடி அந்தப் பணியைப் பற்றிப் பேசமாட்டார்கள். உங்களுக்குத் தெரிந்திருந்தாலும் ஒலிவாங்கியின் முன் அதைச் சொல்ல வேண்டாம். அவருடைய மனைவியைக் குறிப்பிட மறக்காதீர்கள். 27 ஆண்டுகள் ஓய்வுநாள் காலையில் பெரியவர் முன்னதாகக் கிளம்பிப் போக, வீட்டையும் விருந்தினரையும் கவனித்தவர் அவரே. இருவரையும் சேர்த்து 'மசல் தோவ்' என்று வாழ்த்தி, பொன்னாடையைக் கையில் கொடுத்துவிட்டு அமர்ந்துவிடலாம்.