பன்னவேலை வகுப்பை எந்த மாதம் தொடங்கலாம்?

கேள்வி: யாழ்ப்பாணத்து வலிகாமம் மேற்கில் உள்ள எங்கள் சனசமூக நிலையத்தில் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் பன்னவேலை (பனையோலைப் பின்னல்) வகுப்பும், இயற்கையை அறியும் நிகழ்ச்சிகளும் நடத்த விரும்புகிறோம். முன்பு ஒருமுறை தொடங்கி, மூன்று கிழமையில் ஆட்கள் நின்றுவிட்டார்கள். இந்த முறை எப்படித் தொடங்கலாம்?

பதில்: இரண்டையும் தனித்தனியாக நடத்தாதீர்கள். பனையின் வருடத்தையே இரண்டுக்கும் அட்டவணையாக வையுங்கள். பனம்பழம் விழுகிற ஆவணியில் தொடங்குவது நல்லது. முதல் நாளே பிள்ளைகள் கொட்டை பொறுக்கி வந்து, நிலையத்து வளவில் பாத்தி போடட்டும். கிழங்கு கிண்ட மூன்று நான்கு மாதம் செல்லும். தான் புதைத்தது என்ன ஆனது என்று பார்க்கவாவது பிள்ளை வரும். இடையில் முளைத்த ஒரு கொட்டையை வெட்டி, உள்ளே பஞ்சுபோல் இருக்கும் பூரானைத் தின்னக் கொடுத்து, கொட்டையில் உள்ள உணவு கீழே இறங்கிக் கிழங்கில் மாவாகச் சேர்வதையும் காட்டுங்கள்.

போனமுறை ஆட்கள் நின்றதை ஆர்வக் குறைவு என்று எடுக்க வேண்டாம். ரியூசன் நேரத்தோடு மோதினால் எந்த வகுப்பும் நிலைக்காது. அயலில் உள்ள ரியூட்டறிகளின் நேரத்தை விசாரித்த பிறகே நாளை முடிவு செய்யுங்கள்.

ஓலையை ஆவணி, புரட்டாதி வெயிலிலேயே காயவைத்துச் சேர்த்துவிட வேண்டும். ஐப்பசியில் மழை பிடித்துவிட்டால் ஓலை சரியாகக் காயாது. பூஞ்சணம் பிடித்துக் கறுத்து, இழுக்கும்போதே அறும். குருத்து வெட்டும்போது ஒரு மரத்தில் ஒன்றோடு நிறுத்துங்கள், பனை மாதத்துக்கு ஏறக்குறைய ஓர் ஓலைதான் விடும்.

எடுத்த எடுப்பிலேயே கடகம் என்ற பெரிய கூடைக்குப் போகாதீர்கள். ஈர்க்கை நீக்கி, சத்தகம் என்ற சிறு கத்தியால் ஒரே அகலத்தில் ஓலை வாரப் பழகுவதே பாதி வேலை. ஓர் ஓலை கொஞ்சம் அகன்றுவிட்டாலும் அந்த இடத்தில் பின்னல் புடைக்கும், பக்கத்தில் இடைவெளி விழும். அப்புறம் எவ்வளவு இழுத்தாலும் சரிவராது. வார்ந்த ஓலையை ஈரத்துணியில் சுற்றிவைத்து எடுத்தால் மடிக்கும்போது வெடிக்காது. சின்னப் பிள்ளைகளிடம் சத்தகம் கொடுக்க வேண்டாம். வார்ந்த ஓலையைக் கொடுத்து, கிலுகிலுப்பை, பனங்கட்டி வைக்கும் சிறு குட்டான் போன்றவற்றைச் செய்ய விடுங்கள். பெண்களுக்கு, பிட்டு அவிக்கும் ஓலைக் கூடையான நீத்துப்பெட்டியைத்தான் முதலில் சொல்லுவேன். பிட்டு அவிக்கிற வீடுகளில் அது தேவைப்படும், அதனால் விற்கவும் முடியும். அதற்குச் சாயம் போட்ட ஓலை மட்டும் கூடாது.

கற்பிக்க ஊரில் பெட்டி இழைக்கிற ஓர் ஆச்சியைத் தேடிப் பிடியுங்கள். அவருடைய விரல் போகிற வேகத்துக்குப் புதியவர்களால் ஈடுகொடுக்க முடியாது; ஒவ்வொரு மடிப்பையும் நிறுத்திக் காட்ட இளையவர் ஒருவரும் பக்கத்தில் இருக்கட்டும். கட்டாயம் வேதனம் கொடுங்கள். சேவை என்று சொல்லி வயதான பெண்களின் உழைப்பைச் சும்மா வாங்குவது அநியாயம். ஊரில் ஒருவரும் இல்லையென்றால் பனை அபிவிருத்திச் சபையிடம் கேளுங்கள், பன்னவேலைப் பயிற்சி அவர்கள் நடத்துவதுதான்.

மழைக்காலத்தில் சேமித்த ஓலையோடு உள்ளே இருந்து இழைக்கலாம். மழை விட்ட நாட்களில் வெளியே போங்கள். உங்கள் பகுதிக்கு வழுக்கையாறு ஒரு பெரிய வாய்ப்பு. மழைக்கு மட்டும் ஓடி அராலிப் பக்கம் கடல்நீரேரியில் சேர்கிற அந்த வாய்க்காலைப் பிள்ளைகள் கொஞ்ச தூரம் பின்தொடர்ந்து நடக்கட்டும். நமது கிணற்று நீர், மழை சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கிச் சேர்ந்தது என்பதை அங்கே நின்று விளக்கினால் புரியும். அதே மாதங்களில் கடல்நீரேரிக்குப் பூநாரைகளும் வலசை வரும் உள்ளான் பறவைகளும் வந்துவிடும். ஒரு பைனாகுலர் இருந்தாலே போதும், மாறிமாறிப் பார்க்கலாம். பனைகளில் தூக்கணாங்குருவிக் கூடு தொங்கினால் தவறவிடாதீர்கள். அது ஓலையைக் கீறிக் கிழித்துப் பின்னுவதை, ஓலை வாரப் பழகிய பிள்ளை விலகாமல் பார்த்துக்கொண்டு நிற்கும்.

வெளியே போகும்போது செருப்போ சப்பாத்தோ கட்டாயம். காய்ந்த ஓலைக் குவியலுக்குள் புடையன் பாம்பு கிடக்கும், தடியால் தட்டிப் பார்க்காமல் கை வைக்க விடாதீர்கள். வெறுங்காணிகளில் இனந்தெரியாத இரும்புப் பொருள் கண்டால், அது போர்க்கால வெடிபொருளாக இருக்கலாம் என்பதால், தொடாமல் விலகி வந்து, உடனே பெரியவரிடம் சொல்ல வேண்டும் என்பதை ஒவ்வொரு முறையும் புறப்படும் முன் சொல்லுங்கள். கிராம அலுவலருக்கோ பொலிசுக்கோ அறிவிப்பதை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.