‘யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி’ன்னா சரியா என்ன அர்த்தம்? இந்தக் காலத்துலயும் லெட்டர்ல அதப் போடலாமா?

கேட்டவர் ஏதோ வேலைக்கு அப்ளிகேஷன் எழுதிட்டு கடைசி வரில வந்து முழிச்சிட்டு நிக்கிறார்னு நினைக்கிறேன். கவலப்படாதீங்க, அந்த வரில நிக்காத ஆளே கிடையாது.

எனக்கு கேள்விய பாத்ததும் சுருக்குன்னுச்சு. போன மாசம் பேங்க்குக்கு ஒரு லெட்டர் எழுதினேன், டெபாசிட் விஷயமா. முடிவுல வழக்கம்போல யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி. என் பையன் வாங்கி படிச்சிட்டு சிரிக்கிறான், "என்னம்மா வெள்ளக்காரனுக்கு எழுதுற மாதிரி எழுதி வச்சிருக்க, ரிகார்ட்ஸ்னு போட்டுட்டு போவியா"ங்கறான். அவன் காலேஜ் ஃபீஸ் பூரா அந்த ஒரு வார்த்தைய அடிச்சி அடிச்சி கட்டினதுதான். அத அவன்கிட்ட சொல்லல, இங்க சொல்றேன்.

முன்னாடியே சொல்லிடறேன், நான் இங்கிலீஷ் எம்.ஏ. எல்லாம் இல்ல. பிளஸ் டூ, டைப்ரைட்டிங்ல இங்கிலீஷ் ஹையர் தமிழ் ஹையர், அவ்ளோதான். 1989லேர்ந்து முப்பது வருஷத்துக்கு மேல டெல்டா பக்கம் ஒரு ஊர்ல தாலுகா ஆபீஸ் வாசல்ல ஜாப் டைப்பிங். மனு, அபிடவிட், வாடகை அக்ரிமென்ட், வேலை அப்ளிகேஷன், என்ன கேட்டாலும் அடிச்சி குடுப்பேன். அதனால "மொழியியல்படி இது தப்பு"ன்னு யாராவது வந்தீங்கன்னா வாங்க, ஆனா நான் பெரியவங்ககிட்ட கேட்டு டிக்‌ஷனரி பாத்து தெரிஞ்சிக்கிட்டததான் எழுதுறேன்.

அர்த்தத்துக்கு வர்றேன். ஃபெய்த்துங்கறது லத்தீன்ல ஃபிடெஸ்ங்கற வார்த்தைலேர்ந்து பழைய பிரெஞ்சு வழியா 13ஆம் நூற்றாண்டு வாக்குல இங்கிலீஷுக்கு வந்தது. நம்பிக்கை, குடுத்த வாக்கு, ரெண்டும் அதுல உண்டு. இதுக்கு சொந்தக்காரங்க நிறைய பேர் நம்ம ஊர்லயே சுத்திட்டு இருக்காங்க. கோர்ட்டுல அபிடவிட்னு சொல்றோமே அதுவும் அந்தக் குடும்பம்தான், "சத்தியம் பண்ணி சொல்லியிருக்கார்"னு அர்த்தம். பாட்டு கேக்கற ஹைஃபை செட்டும் அதே குடும்பம், ஹை ஃபிடெலிட்டி, அதாவது பாடினது பாடினபடியே கேக்கும், கூட்டாது குறைக்காது. நம்மாளுங்க அத ஆடம்பரம்னு ஆக்கிட்டாங்க, "ஹைஃபை ஃபேமிலி"ன்னு.

ஆக ஃபெய்த்ஃபுல்லிக்கு ரெண்டு பக்கம் இருக்கு. ஒண்ணு, மாறாம விசுவாசமா. இன்னொண்ணு, உள்ளது உள்ளபடி. ஒரிஜினல பாத்து ஒரு எழுத்து விடாம காப்பி எடுத்தா அதுவும் ஃபெய்த்ஃபுல்லிதான். டைப்பிஸ்ட்டுக்கு ரெண்டாவது அர்த்தம்தான் சோறு போடும். இப்ப ஜெராக்ஸ் கடைல ஒரு பழைய மனுவ திறந்து பேர மட்டும் மாத்தி பிரிண்ட் எடுத்து குடுக்கறாங்க, பொருள்ல முதியோர் உதவித்தொகைன்னு இருக்கும், உள்ள பூரா பட்டா பத்தி இருக்கும், கடைசில வேற எவரோ பேர் இருக்கும். அதுக்கு பத்து ரூபா கம்மின்னு சனம் அங்கதான் போச்சு. சரி, அத விடுங்க.

நான் 1986ல டைப்ரைட்டிங் சேந்தப்ப எங்க மாஸ்டர் லெட்டர் போர்ஷன் ஆரம்பிச்ச அன்னிக்கே சொன்னது இதுதான்: ஒய் பெருசு, எஃப் சின்னது, ரெண்டு எல், முடிவுல கமா. அந்த ரெண்டு எல் இருக்கே, வலது கை மோதிர விரல்ல அடிக்கணும், அந்த விரலுக்கு பலமே கிடையாது, பழைய ரெமிங்டன்ல முதல் எல் பதியும் ரெண்டாவது எல் ஆவி மாதிரி நிக்கும். மாஸ்டர் தாள வெளிச்சத்துல தூக்கி பாத்துட்டு "ஒத்த எல் விசுவாசம் அரை விசுவாசம்மா"ம்பார். ஸ்கேல்ல விரல் மேல ஒண்ணு விழும். இப்பவும் அந்த வார்த்தைய எழுதறப்ப மோதிர விரல் தானா அழுத்திக்கும்.

அவர் சொல்லிக்குடுத்த ரூல் பிரிட்டிஷ்காரன் ரூல். டியர் சார்னு பேர் இல்லாம ஆரம்பிச்சா முடிவு ஃபெய்த்ஃபுல்லி, டியர் மிஸ்டர் இன்னார்னு பேர் போட்டு ஆரம்பிச்சா சின்சியர்லி. மறக்காம இருக்க "ரெண்டு எஸ் ஒண்ணா உக்காராது"ம்பார், சாரும் சின்சியர்லியும் சேராதுன்னு. அமெரிக்காக்காரங்க இந்த ரூலெல்லாம் பாக்கறதில்ல, அவங்களுக்கு சின்சியர்லி இல்லன்னா யுவர்ஸ் ட்ரூலி. அதனால என் பையன் வேலை பாக்கற மாதிரி கம்பெனில ஃபெய்த்ஃபுல்லி விநோதமா தெரியலாம், ஒத்துக்கறேன். சின்சியர்லிங்கற வார்த்தை "மெழுகு இல்லாத சிலை"லேர்ந்து வந்துச்சுன்னு ஒரு கதை சுத்துது, அது பொய், நம்பாதீங்க.

ஃபெய்த்ஃபுல்லிக்கு முன்னாடி இருந்தத பாத்தா இது எவ்ளோ மரியாதையான வார்த்தைன்னு தெரியும். எங்க மாஸ்டர் ஒரு பழைய ஃபைல் வச்சிருந்தார், அதுல வெள்ளக்காரன் காலத்து ஆபீஸ் லெட்டருங்க, முடிவுல மூணு வரி வரும், "தங்களின் மிகவும் கீழ்ப்படிந்த வேலைக்காரனாக இருக்கும் பெருமை எனக்கு உண்டு, ஐயா"ங்கற கணக்குல. இத மேலதிகாரியும் கீழ இருக்கறவனுக்கு எழுதுவான். அமெரிக்காவுல 1804ல துணை ஜனாதிபதியா இருந்த ஆரன் பர்ர், அலெக்சாண்டர் ஹாமில்டன துப்பாக்கிச் சண்டைல சுட்டு அவர் மறுநாள் செத்துப்போனார், அந்தச் சண்டைக்கு முன்னாடி ரெண்டு பேரும் மாத்தி மாத்தி எழுதிக்கிட்ட கடுதாசிலயும் "தங்கள் கீழ்ப்படிந்த வேலைக்காரன்"னுதான் கையெழுத்து. சுடப்போறவனுக்கு வேலைக்காரனாம். அப்ப அந்த வரிக்கு என்ன அர்த்தம் இருந்திருக்கும்னு நீங்களே பாத்துக்கோங்க. ஸ்கூல்ல லீவ் லெட்டர்ல "யுவர்ஸ் ஒபீடியன்ட்லி"ன்னு எழுத வச்சாங்களே, அது இந்த வேலைக்காரனோட வால்தான்னு எனக்கு தோணும்.

லெட்டருக்கு வெளிய பாத்தா வார்த்தைக்கு நல்ல உசிரு இருந்திருக்கு. ஷேக்ஸ்பியர் நாடகத்துல ஜூலியட் மாடில நின்னு ரோமியோகிட்ட, என்ன காதலிக்கறதா இருந்தா அத ஃபெய்த்ஃபுல்லியா சொல்லுங்கறா. அங்க விசுவாசம்னு எடுத்தா ஒட்டாது, மனசார சொல்லு, பொய் கலக்காம சொல்லுன்னு அர்த்தம். பைபிள்ல ராஜாக்கள் புஸ்தகத்துல ஒரு இடம், ஆலயத்த ரிப்பேர் பண்ண பணம் வாங்கினவங்ககிட்ட கணக்கே கேக்கல, ஏன்னா அவங்க ஃபெய்த்ஃபுல்லியா நடந்தாங்கன்னு 1611ல வந்த இங்கிலீஷ் பைபிள்ல இருக்கு. கணக்கு கேக்காத ஒரு ரிப்பேர் வேலை! எங்க தெரு சாக்கடைக்கு இத எழுதி ஒட்டலாம்.

நான் படிச்சது கிறிஸ்டியன் ஸ்கூல்ங்கறதால தமிழ் பைபிளும் காதுல விழுந்திருக்கு. "உத்தமமும் உண்மையுமுள்ள ஊழியக்காரனே"ன்னு வரும். இங்கிலீஷ்ல அங்க ஃபெய்த்ஃபுல். பாருங்க, ஃபெய்த்துக்கு விசுவாசம்னு போட்டவங்க ஃபெய்த்ஃபுல்லுக்கு உண்மைன்னு போட்டிருக்காங்க. நமக்கு எசமானுக்கு துரோகம் பண்ணாம இருக்கறதும் உண்மைதான், பொய் சொல்லாம இருக்கறதும் உண்மைதான். "அவன் உண்மையான வேலைக்காரன்"னு சொன்னா ரெண்டும் சேந்துதான வருது. அப்படித்தான் தமிழ் மனுவுலயும் "இப்படிக்கு, தங்கள் உண்மையுள்ள"ன்னு வந்து உக்காந்திருக்கும்னு நினைக்கிறேன். சில பேர் "நம்பிக்கையுள்ள"ன்னு போடுவாங்க. நான் உண்மையுள்ள கட்சி.

அந்த உண்மையுள்ளவால எனக்கு ஒரு பாடு வந்துச்சு. 2004 இல்லன்னா 2005, ஒரு பெரியவர் வந்தார், எழுபது வயசு இருக்கும், வேட்டி மடில பழைய பத்திரம். அண்ணன் தம்பி பாகம் பிரிச்சி பன்னெண்டு வருஷம் ஆகியும் பட்டா மாறல, அதுக்கு கலெக்டருக்கு திங்கக்கிழமை குறைதீர் நாள்ல குடுக்க மனு. அடிச்சேன். ஒரு பக்கத்துக்கு பதினஞ்சு ரூபா அப்ப. படிச்சி காட்ட சொன்னார், படிச்சேன், எல்லாத்துக்கும் தலையாட்டிட்டு வந்தவர் "இப்படிக்கு தங்கள் உண்மையுள்ள"ன்னதும் நிறுத்துன்னார்.

"யாருக்கு உண்மையா இருக்கேன்னு எழுதியிருக்க?"

"கலெக்டருக்கு தாத்தா. அது சும்மா வழக்கம்."

"நான் எதுக்கும்மா அவருக்கு உண்மையா இருக்கணும்? நெலம் என்னது, வரி கட்டுறவன் நானு. அவங்கல்ல எனக்கு உண்மையா இருக்கணும். அத எடு."

எடுன்னா எப்படி எடுக்கறது, டைப்ரைட்டிங் மெஷின்ல. மூணு காப்பி, கார்பன் வச்சி அடிச்சது. திரும்ப ஒரு பக்கம் முழுசா அடிச்சேன், அதுக்கு தனி காசு தர மாட்டேன்னுட்டார். எனக்கு அப்படியொரு கோவம். "இப்படிக்கு"ன்னு மட்டும் போட்டு கீழ அவர் பேர். பக்கத்துல டேபிள் போட்டிருந்த ஸ்டாம்ப் வெண்டர் அண்ணன் வேற "மொட்டையா இருக்கே, ஆபீசர் கோச்சிக்க மாட்டாரா"ங்கறார். பெரியவர் கைநாட்டு வச்சிட்டு போயிட்டார்.

வீட்டுக்கு போனப்புறமும் அது ஓடிக்கிட்டே இருந்துச்சு. ஏன்னா அவர் சொன்னது சட்டத்துலயே இருக்கு. மந்திரிங்க பதவி ஏத்துக்கறப்ப டிவில கேட்டிருப்பீங்க, "உண்மையாகவும் உளச்சான்றின்படியும் என் கடமைகளை நிறைவேற்றுவேன்"னு. நம்ம அரசமைப்புல மூணாவது அட்டவணைல இருக்கற உறுதிமொழி அது, இங்கிலீஷ்ல அந்த "உண்மையாகவும்" இருக்கற எடத்துல என்ன இருக்குன்னு நினைக்கிறீங்க? ஃபெய்த்ஃபுல்லி. ஜனாதிபதி உறுதிமொழிலயும் அதேதான். ஆக அந்த வார்த்தைய வாய்விட்டு சொல்லிட்டு சம்பளம் வாங்கறது அவங்க, அத மனுவுல எழுதி பதினஞ்சு ரூபா குடுக்கறது நாங்க.

இந்த வார்த்தை அமெரிக்காவுல எவ்ளோ முக்கியம்னா, 2009 ஜனவரி 20, ஒபாமா பதவி ஏத்துக்கறப்ப நான் டிவில பாத்தேன். அவங்க அரசமைப்பு 1787ல எழுதினது, "ஃபெய்த்ஃபுல்லி எக்ஸிகியூட்"னு அந்த வார்த்தை முன்னாடி வரணும். தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ் மனப்பாடமா சொல்ல போய் அத கொண்டுபோய் கடைசில வச்சிட்டார். ஒபாமா பாதில நின்னு பாக்கறார், இவர் திருத்த போய் இன்னும் தடுமாறி, கடைசில ஒபாமாவும் தப்பான எடத்துலயே சொல்லி முடிச்சார். மறுநாள் வெள்ளை மாளிகைல ஒரு ரூம்ல வச்சி திரும்பவும் முதல்லேர்ந்து உறுதிமொழி எடுத்தாங்க, யாரும் நாளைக்கு கேஸ் போட்டுட கூடாதுன்னு. ஒரு வார்த்தை எடம் மாறினதுக்கு நாட்டோட ஜனாதிபதி ரெண்டாவது காப்பி அடிச்சாரு. எனக்கு பெரியவர் ஞாபகம்தான் வந்துச்சு, ஒபாமாவுக்கும் ரெண்டாவது காப்பிக்கு காசு குடுத்திருக்க மாட்டாங்க.

யாராவது "மரியாதைக்கு எழுதறத போய் இப்படி நோண்டலாமா"ன்னு கேப்பீங்க. நான் நோண்டல, அவர் நோண்டினார். அதுக்கப்புறம் நானும் ரொம்ப நாள் வர்றவங்ககிட்ட "முடிவுல என்ன போடட்டும்"னு கேட்டு பாத்தேன், "எல்லாரும் போடறத போடுக்கா, வம்பு எதுக்கு"ன்னுதான் சொல்லுவாங்க. ஒருத்தர்கூட எடுக்க சொல்லல.

பெரியவர் திரும்ப வந்தார், ஒரு ஒன்றரை வருஷம் கழிச்சி. பட்டா வரல. நடுவுல வேற எங்கயோ ரெண்டு மனு எழுதி குடுத்திருக்கார், இது நாலாவது. கண்ணு சரியா தெரியல, பேரன் கைய புடிச்சிட்டு வந்தார். நானே கார்பன் வைக்கறதுக்கு முன்னாடி கேட்டேன், "தாத்தா, இப்படிக்குன்னு மட்டும் போட்டுடவா?" கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் "அந்த உண்மையுள்ளதையும் போட்டுடும்மா, அது இல்லாமதான் நின்னு போச்சோ என்னமோ"ன்னார். போட்டேன். காசு வேணாம்னேன், அவர் கேக்கல, எண்ணி டேபிள்ல வச்சிட்டுத்தான் போனார்.

உங்க அப்ளிகேஷன்ல டியர் சார்னு ஆரம்பிச்சிருந்தா ஃபெய்த்ஃபுல்லியே போடுங்க, ஒண்ணும் குடி முழுகாது. ஆபீசர் பேர் தெரிஞ்சி பேர் போட்டு ஆரம்பிச்சிருந்தா சின்சியர்லி. எஃப் சின்னது. ரெண்டு எல்.