பல் நிறக் கிளிப் சரியாக இழுக்குமா?

கேள்வி: மகளுக்குக் கிளிப் போட வேண்டும். வெளியே தெரியாத செராமிக் வேண்டுமாம். ஸ்டீல் அளவுக்குப் பல்லை நகர்த்துமா, டாக்டர்?

பதில்: நகர்த்தும், அவள் ஆசையை மறுக்காதீர்கள். கிளிப்பில் கம்பி ஓடும் காடி, அதாவது சிறு பள்ளம், சுமார் 0.5 மி.மீ. அகலம்தான். ஸ்டீல் காடியில் கம்பி வழுக்கிக்கொண்டு போகும். செராமிக் காடி பெரும்பாலும் சற்றுச் சொரசொரப்பு, கம்பியைப் பிடித்துக்கொள்ளும். ஸ்பிரிங் இழுக்கும் விசையில் ஒரு பங்கு உராய்விலேயே போய்விடும். பல் எடுத்த இடைவெளியை மூடும்போதுதான் இது உறைக்கும். காடிக்குள் உலோகம் பதித்த செராமிக் இருக்கிறது, அதைக் கேளுங்கள்.

மேல்பல் கீழ்ப்பல்லை ஆழமாக மூடினால், கீழ்வரிசைக்கு ஸ்டீல்தான் என்று நான் பிடிவாதமாகச் சொல்வேன். பல்லின் வெளி உறையான எனாமலைவிடக் கடினமான செராமிக், கடிக்கக் கடிக்க மேல்பல்லைத் தேய்த்துவிடும். போன எனாமல் திரும்ப வளராது, அம்மா.