சான்றிதழ் அவருடையது, கையெழுத்து உங்களுடையது

கேள்வி: விமானப் பாகங்கள் கடைந்து கொடுக்கும் பட்டறை நடத்துகிறேன். 14 ஆண்டுகளாகப் பழகிய வியாபாரி தந்த அலுமினியத்தில், சான்றிதழில் சொன்ன வலிமை இல்லை என்று வெளி ஆய்வகம் சொல்லிவிட்டது. கூடப் பிறந்தவராக நம்பினேன். கெடு நெருக்கியதால் கையிலிருந்த 60 பாகங்களை அனுப்பிவிட்டேன். அவர்மேல் வழக்குப் போடலாமா?

பதில்: போடலாம். ஆனால் நீங்கள் தாக்கல் செய்ய வேண்டிய முதல் ஆவணமே அந்த ஆய்வறிக்கைதான். எதிர்த்தரப்பு வக்கீல் கேட்கும் முதல் கேள்வி, "இது எந்தத் தேதியில் கைக்கு வந்தது?" அந்தத் தேதிவரை நீங்கள் ஏமாந்தவர். அதன்பின் 60 பாகங்களும் தரமானவை என்று கையெழுத்திட்டபோது, தெரிந்தே பொய் சொன்னவர். 14 ஆண்டு நட்பு இதில் எந்தப் பக்கமும் எடை சேர்க்காது.

அமெரிக்காவில் சாப்பா நிறுவனத்தின் அலுமினியச் சோதனை முடிவுகள் 1996 முதல் 2015 வரை பொய்யாக மாற்றி எழுதப்பட்டன. 2009இலும் 2011இலும் நாசாவின் இரண்டு செயற்கைக்கோள்கள் அவற்றை மூடியிருந்த ராக்கெட்டின் முகப்புக்கூடு பிரியாமல் வீணாயின. அதற்கு இந்த உலோகமே காரணம் என்றது நாசா. நிறுவனம் 4.6 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. சோதனைக்கூட மேற்பார்வையாளருக்கு மூன்று ஆண்டு சிறை. பணத்தைக் கம்பெனி கட்டலாம், சிறைக்கு ஆள்தான் போக வேண்டும்.

இந்த இடத்தில்தான் என் கட்சிக்காரர்கள் வழுக்கி விழுகிறார்கள். வியாபாரிக்குப் போன் போட்டு "திருத்திய சான்றிதழ்" கேட்பார்கள். வாட்ஸ்அப்பை அழிப்பார்கள். ஒருவர், மிச்சக் கம்பிகளைப் பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார். ஹீட் நம்பர், அதாவது உலோகம் எந்த உருக்குத் தொகுதியில் வந்தது என்று காட்டும் எண், பொறித்த முனைகளும் அதோடு போய்விட்டன. அவர் பக்கத்துக்கு இருந்த ஒரே சாட்சி அதுதான். ஆதாரத்தை ஒளித்தார் என்ற பழி வேறு.

மிச்ச உலோகத்தைச் சீட்டு ஒட்டித் தனியே பூட்டுங்கள். ஒரு வக்கீலிடம் காட்டிவிட்டு, இன்றே வாடிக்கையாளருக்கு எழுத்தில் தெரிவியுங்கள்: ஹீட் நம்பர், பாக எண்கள், ஆய்வறிக்கை நகல். ஏற்கெனவே பொருத்திய பாகங்களைக் கழற்றுவதா என்பதை அவர்கள் முடிவு செய்யட்டும். ஆர்டர் போகலாம், போகட்டும்.

வியாபாரியிடம் சமரசமே போதும். உலோகத்தின் விலை, சோதனைச் செலவு, சரக்கை யாரிடம் வாங்கினார் என்று எழுத்தில் ஒரு வாக்குமூலம். ஒப்பந்தத்தில் "இதுபற்றி வெளியே பேசக்கூடாது" என்றொரு வரியை நைசாக நுழைப்பார். வாடிக்கையாளரிடமும் விமானப் பாதுகாப்பு அதிகாரிகளிடமும் சொல்ல விலக்கு இல்லாவிட்டால், பணம் எவ்வளவு கொடுத்தாலும் கையெழுத்துப் போடாதீர்கள்.