சிங்கப்பூரில் அறுபது தாண்டிய பெற்றோருக்கு என்னென்ன பயணச் சலுகைகள் உண்டு, எங்கே விசாரிப்பது?

கேட்டவர் தம் அப்பா அம்மாவுக்கு அறுபது தாண்டிவிட்டது என்றும், உள்ளூர்ப் பேருந்து, ரயில் முதல் ஊருக்குப் போகும் பயணம் வரை எதிலெல்லாம் சலுகை உண்டு என்றும் கேட்டிருக்கிறார். என் அம்மாவை வைத்து நான் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன்.

வயதைப் பார்ப்பதற்கு முன்னால் அவர்கள் கையில் என்ன அட்டை இருக்கிறது என்று பாருங்கள். பிங்க் ஐசியோ (அடையாள அட்டை) நீல ஐசியோ இருந்தால், அதாவது குடிமக்களோ நிரந்தரவாசிகளோ என்றால், அறுபது வயதில் மூத்தோருக்கான சலுகை அட்டையான பேஷன் சில்வர் கார்டு வாங்கலாம். பிள்ளைகளோடு நீண்டகால வருகை அட்டையில் இருப்பவர்களுக்கும், சுற்றுலா விசாவில் வந்து போகிறவர்களுக்கும் எண்பது வயதானாலும் பேருந்தில் பெரியவர் கட்டணம், அதாவது சலுகை இல்லாத முழுக் கட்டணம்தான். இதைத் தெரிந்துகொண்டால் பாதி அலைச்சல் மிச்சம்.

நான் செய்த தவறு இது. அம்மாவுக்கு அறுபது ஆனபோது அவர் கையில் நீல ஐசி இருந்தது. கார்டுக்கு விண்ணப்பிக்கச் சோம்பல்பட்டு என் வங்கிக் கணக்கின் கூடுதல் அட்டை ஒன்றைக் கொடுத்து, "பஸ்ஸுலயும் ரயில்லயும் இதையே தட்டுங்கம்மா" என்று சொல்லிவிட்டேன். வங்கி அட்டையைத் தட்டினால் வாசிப்பானில் கட்டணம் தெரியாது, அதனால் ஏழெட்டு மாதம் யாரும் கவனிக்கவில்லை. ஒருநாள் தேக்காவுக்கு, அதாவது லிட்டில் இந்தியாவுக்குப் போகும்போது பக்கத்து வீட்டு அக்கா தன் சில்வர் கார்டைத் தட்ட, அவருக்கு எவ்வளவு போகிறது என்று அம்மா எட்டிப் பார்த்திருக்கிறார். வீட்டுக்கு வந்ததும் எனக்கு அர்ச்சனை. யீஷூனிலிருந்து நியூட்டனில் மாறி லிட்டில் இந்தியா போக அம்மா கொடுத்துக்கொண்டிருந்ததில் ஏறக்குறைய பாதிதான் அக்கா கொடுத்திருக்கிறார். வங்கி அட்டைக்கு வயது தெரியாது, பெரியவர் கட்டணத்தைத்தான் எடுக்கும்.

மூத்தோர் கட்டணத்தில் எனக்குப் பிடித்த விஷயம், 7.2 கிலோமீட்டருக்கு மேல் தூரத்துக்குக் காசு ஏறாது என்பது. யீஷூனிலிருந்து அங் மோ கியோ தாண்டிவிட்டால் அப்புறம் ஊர்க் கோடிக்கே போனாலும் அதே கட்டணம்தான். வார நாட்களில் காலை 7.45க்கு முன் ரயில் நிலையத்துக்குள் நுழைந்துவிட்டால் 50 காசு வரை இன்னும் குறையும். மூத்தோருக்கான மாத பாஸ் அறுபது வெள்ளிக்கும் (சிங்கப்பூர் டாலர்) கீழேதான், ஆனால் தினமும் இரண்டு முறைக்கு மேல் ஏறி இறங்குபவருக்குத்தான் கட்டுப்படியாகும். எங்கள் வீட்டில் அது தேவைப்படவில்லை. கார்டு பற்றி எம்ஆர்டி ரயில் நிலையங்களில் உள்ள, பயண அட்டைகளைக் கவனிக்கும் சிம்ப்ளிகோ டிக்கெட் அலுவலகத்தில் கேட்கலாம், ஐசியை மறக்காமல் எடுத்துப்போங்கள்.

இதே கார்டு சாலையைக் கடக்கவும் உதவும். 2009இல் வந்த கிரீன் மேன் பிளஸ் வசதி இருக்கும் நடையர் சிக்னல்களில், பொத்தானுக்கு மேலே உள்ள பெட்டியில் கார்டைக் காட்டினால் பச்சை மனிதன் 3 முதல் 13 விநாடி வரை கூடுதலாக நிற்பான். அம்மாவுக்கு முழங்கால் வலி. கட்டணம் குறைந்ததைவிட இதில்தான் அவருக்குப் பெருமை. "எனக்காக நிக்கிறான் பாரு" என்று சொல்லிக்கொண்டே நடப்பார்.

சுற்றிப் பார்க்கும் இடங்களில் ஒரு விஷயம். கரையோரப் பூந்தோட்டம், மண்டாய் விலங்குத் தோட்டம் போன்றவற்றில் உள்ளூர் மூத்தோருக்குத் தனி விலை உண்டு. இணையத்தில் வாங்கும்போது அவசரத்தில் 'பெரியவர்' என்று அழுத்திவிடாதீர்கள். தேசிய அரும்பொருளகங்களில் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் 2013 முதல் அனுமதி இலவசம், அங்கே வயதைப் பற்றிய பேச்சே இல்லை. ஊரிலிருந்து வந்த பெற்றோராக இருந்தால் நேஷனல் கேலரி கலைக்கூடத்தில் அறுபது தாண்டியவர்களுக்குக் குறைந்த கட்டணம் உண்டு, பாஸ்போர்ட்டைக் காட்டிக் கேளுங்கள்.

கேட்கத்தான் வேண்டும், யாரும் கூப்பிட்டுக் கொடுக்க மாட்டார்கள். மலேசியக் கோயில் சுற்றுலாவுக்கு ஒரு பயண முகவரிடம் முழுப் பணத்தையும் கட்டி ரசீதும் வாங்கிய பிறகு, "மூத்தோர் விலை இருந்ததே, நீங்க கேக்கலையே" என்றார். ஆளுக்கு முப்பது வெள்ளி போயிற்று. இப்போதெல்லாம் விலையைக் கேட்பதற்கு முன்பே அம்மாவின் வயதைச் சொல்லிவிடுகிறேன்.

அடுத்து ஊர்ப் பயணம். இந்திய ரயில்களில் ஆண்களுக்கு 40, பெண்களுக்கு 50 விழுக்காடு என்றிருந்த கட்டணச் சலுகையை 2020 மார்ச் 20 முதல் நிறுத்தினார்கள். இன்னும் அது இருப்பதாகச் சொல்லும் உறவினர் எல்லார் வீட்டிலும் ஒருவர் உண்டு, நம்பாதீர்கள். ஆனால் கீழ்ப் படுக்கை ஒதுக்கீடு இருக்கிறது: ஆண்களுக்கு 60, பெண்களுக்கு 45 வயதிலிருந்து. ஒரு டிக்கெட்டில் ஒருவர் அல்லது இருவர் மட்டும் இருக்க வேண்டும், அதுதான் நிபந்தனை. இது தெரியாமல் நாங்கள் நால்வரும் ஒரே டிக்கெட்டில் தஞ்சாவூருக்கு உழவன் எக்ஸ்பிரஸில் போட்டோம். அம்மாவுக்கு மேல் படுக்கை. ஏணியை ஒருமுறை பார்த்தார், என்னை ஒருமுறை பார்த்தார். நல்லவேளை, எதிரே இருந்த கல்லூரிப் பையன் கேட்காமலே இடம் மாற்றிக்கொண்டான். அடுத்த முறை அம்மாவுக்கும் சித்திக்கும் தனி டிக்கெட் எடுத்தேன்.

இந்திய உள்நாட்டு விமானங்களில் சில நிறுவனங்கள் முதியோருக்குக் கழிவு தருகின்றன. கழிவு அடிப்படைக் கட்டணத்தில் மட்டும்தான், வரிகளில் இல்லை. அதனால் சாதாரணத் தள்ளுபடி டிக்கெட்டே மலிவாக இருக்கலாம், இரண்டையும் வைத்துப் பாருங்கள்.

அம்மா தனியாகத் திருச்சிக்குப் போகும்போது நான் கேட்டு வாங்குவது விலைக் குறைப்பை அல்ல, சக்கர நாற்காலி உதவியை. டிக்கெட் போடும்போதே குறித்துவிடுங்கள், கட்டணம் உண்டா என்றும் அப்போதே கேளுங்கள். சாங்கியில் வாசலிலிருந்து விமானக் கதவு வரை ஓர் ஆள் கூடவே வருவார். "நான் என்ன நடக்க முடியாதவளா" என்று முதல் தடவை அம்மா கோபித்துக்கொண்டார். போன மாதம் டிக்கெட் போடும்போது அவரே கேட்டார்: "நாற்காலி சொல்லிட்டியா?"