பதில் வந்தபின் கேள்வியைத் திருத்தலாமா?

*கணக்குப் பிரிவில் வேலை பார்த்துக்கொண்டே பைத்தான் என்ற நிரல்மொழியைக் கற்றுவருகிறேன். வாடிக்கையாளர் பெயர்களைச் சிஎஸ்வி கோப்பாக (காற்புள்ளியால் பிரித்த எளிய அட்டவணைக் கோப்பு) சேமிக்க ஒரு சிறு நிரல் எழுதினேன். அந்தக் கோப்பை எக்செல்லில் திறந்தால் தமிழ்ப் பெயர்கள் இருக்க வேண்டிய இடத்தில் புரியாத குறிகள் நின்றன. நிரலாளர்கள் உதவி கேட்கும் தளம் ஒன்றில் நிரலோடு கேட்டேன். அரை மணி நேரத்தில் ஒருவர் வழி சொன்னார், சரியாகிவிட்டது. மகிழ்ச்சியில், கேள்வியில் கொடுத்திருந்த நிரலிலேயே அவர் சொன்ன திருத்தத்தைப் போட்டுவிட்டேன். மறுநாள் தேதிகளில் நாளும் மாதமும் இடம் மாறி வருவதைக் கண்டு, அதையும் அதே கேள்வியில் சேர்த்துத் தலைப்பையும் மாற்றினேன். பதில் சொன்னவர் வருத்தப்பட்டார். வேறொருவர் கேள்வியைப் பழைய நிலைக்கே திருப்பிவிட்டார். என் கேள்வியைத் திருத்த எனக்கே உரிமை இல்லையா?*
— ஈரோட்டு வாசகர்

உரிமை இருக்கிறது. ஆனால் நீங்கள் செய்தவை இரண்டு வேறு வேறு தவறுகள். முதலாவது நல்லெண்ணத்தில் செய்தது என்பதால்தான் அதை விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கிறது.

உங்களுக்குக் கிடைத்த பதில் அனேகமாக இப்படி இருந்திருக்கும்: கோப்பைத் திறக்கும் வரியில் குறியாக்கத்தை, அதாவது எழுத்துகளை எண்களாகச் சேமிக்கும் முறையை, 'யூடிஎஃப்-8' என்பதற்குப் பதிலாக 'யூடிஎஃப்-8-சிக்' என்று கொடுங்கள். அப்படிக் கொடுத்தால் கோப்பின் தொடக்கத்தில் மூன்று பைட் அடையாளம் ஒன்று சேரும். எக்செல் அதைப் பார்த்து இது யூனிகோடு என்று புரிந்துகொள்ளும். அந்த அடையாளம் இல்லையென்றால் கணினியின் பழைய குறியாக்கத்தில் படித்து, மூன்று பைட்டில் எழுதப்பட்ட ஒவ்வொரு தமிழ்க் குறியையும் மூன்று அயல் குறிகளாகக் காட்டும். நீங்கள் திருத்திய வடிவத்தில், கேள்வியில் உள்ள நிரலில் 'சிக்' ஏற்கெனவே இருக்கிறது. கீழே ஒருவர் "சிக் சேர்த்துப் பாருங்கள்" என்று பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார். இரண்டு ஆண்டு கழித்து இதே சிக்கலோடு தேடிவரும் திருநெல்வேலிக் கணக்கர் ஒருவர் இதைப் படித்தால், இல்லாத பிழையைப் பற்றிய கேள்வியையும் கேள்வியைப் படிக்காமலே சொன்னதுபோல் தோன்றும் பதிலையும்தான் காண்பார். அவர் பக்கத்தை மூடிவிட்டுப் போய்விடுவார். போகும் வழியில் அந்தப் பதிலுக்கு ஓர் எதிர் வாக்கும் போட்டுவிட்டுப் போகலாம். உங்களுக்கு உதவியவருக்கு நீங்கள் செய்த கைம்மாறு அப்படி முடியும்.

நிரலாளர்கள் கேள்வி கேட்டுப் பதில் பெறும் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளத்தை 2008-இல் ஜெஃப் அட்வுட்டும் ஜோயல் ஸ்போல்ஸ்கியும் தொடங்கியபோது, கேட்டவருக்கு மட்டுமன்றிப் பின்னால் தேடி வருபவர்களுக்கும் பயன்படும் தொகுப்பாக அது வளர வேண்டும் என்றே எண்ணினார்கள். கேள்வியையும் பதிலையும் யாரும் செப்பனிடலாம், ஒவ்வொரு திருத்தத்தின் வரலாறும் எல்லோர் பார்வைக்கும் இருக்கும் என்ற ஏற்பாடு அதற்காகவே வந்தது. ஆகவே, திருத்துவதா கூடாதா என்று கேட்பதைவிட, திருத்திய பிறகும் கீழே உள்ள பதில் இந்தக் கேள்விக்குப் பதிலாகவே நிற்கிறதா என்று பார்ப்பதுதான் சரி.

பதில் வருவதற்கு முன்பு உங்கள் விருப்பம்போல் திருத்தலாம். இன்னும் சொல்லப்போனால், திருத்தியே ஆக வேண்டும். நம் இலக்கணத்தில் விடை எட்டு வகை. அவற்றில் ஒன்று வினா எதிர் வினாதல். "எந்தப் பதிப்பு எக்செல்? கோப்பை இருமுறை சொடுக்கித் திறந்தீர்களா, தரவு இறக்குமதி வழியாகவா?" என்று கருத்துப் பகுதியில் ஒருவர் கேட்டால், பதிலையும் அங்கேயே எழுதிவிட்டு உட்கார்ந்துவிடுவதுதான் பெரும்பாலோர் வழக்கம். அதைக் கேள்வியின் உடலுக்குள் கொண்டுபோய் வைக்க வேண்டும். ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் கருத்துகளை 5 நிமிடத்துக்குப் பிறகு திருத்த முடியாது. அவை எப்போது வேண்டுமானாலும் நீக்கப்படலாம். விவரம் போதவில்லை என்று மூடப்பட்ட கேள்விகூட, உரியவர் திருத்தினால் மீண்டும் திறக்கலாமா என்ற பரிசீலனைக்குப் போகிறது. புதிதாக இன்னொரு முறை அதையே கேட்பதைவிட இதுவே முறை.

திருத்தும்போது 'திருத்தம் 1', 'திருத்தம் 2', 'இன்னொரு திருத்தம்' என்று அடியில் அடுக்கிக்கொண்டே போவதில் எனக்கு உடன்பாடில்லை. முதன்முறை படிப்பவருக்கு எழுதுவதுபோல் உரிய இடத்தில் சேர்த்து முழுதாக எழுதிவிடுங்கள். பழையது வரலாற்றில் இருக்கத்தான் செய்கிறது. பழைய வடிவத்தைப் பிறர் பார்க்க வழியில்லாத ரெடிட் போன்ற கலந்துரையாடல் தளங்களில் மட்டும், எதை மாற்றினேன் என்று ஒரு வரி சொல்வது நேர்மை. இன்னொன்று: ஒவ்வொரு திருத்தமும் கேள்வியை அண்மைச் செயல்பாட்டுப் பட்டியலின் மேலே கொண்டுவரும். காற்புள்ளிக்கு ஒரு தடவை, அரைப்புள்ளிக்கு ஒரு தடவை என்று திருத்தாமல், ஒரே தடவையில் கவனமாகச் செய்யுங்கள்.

இனி, தேதிச் சிக்கலுக்கு வருவோம். அது புதுக் கேள்வி. பதில் வரவர நிறம் மாறுவதைப் பச்சோந்திக் கேள்வி என்று அங்கே பழகியவர்கள் சொல்வார்கள். முந்தைய கேள்விக்கு இணைப்புக் கொடுத்து, தேதியைப் பற்றி மட்டும் தனியாகக் கேளுங்கள். ஆனால் ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். பதில் சொன்னவருக்குத் தெரிய வேண்டியிருந்த ஒன்றை நீங்கள் சொல்லத் தவறியிருந்தால், எடுத்துக்காட்டாக நீங்கள் திறந்தது எக்செல்லிலேயே அல்ல, கைப்பேசியில் உள்ள வேறொரு செயலியில் என்றால், அதைக் கேள்வியில் சேர்ப்பது தவறாகாது. பழைய வரிகளை அழிக்காமல் சேர்த்து, "நான் இதைச் சொல்லாமல் விட்டுவிட்டேன், மன்னிக்கவும்" என்று அவருடைய பதிலின் கீழ் தெரிவித்துவிடுங்கள். தேவை மாறியதா, விவரம் விடுபட்டதா என்பதைப் பொறுத்தது இது.

தலைப்பில் 'தீர்ந்தது' என்று எழுதவும் வேண்டாம். உதவிய பதிலுக்குப் பச்சை நிற 'சரி' குறி இடுங்கள், அது போதும். நீங்களாகவே வேறு வழி கண்டிருந்தால் அதைக் கேள்விக்குள் ஒட்டாமல் தனிப் பதிலாக எழுதலாம். சொந்தப் பதிலை ஏற்பதற்கு மட்டும் 2 நாள் காத்திருக்க வேண்டும்.

*எங்கள் ஊர் விவசாயிகள் வாட்ஸ்அப் குழுவில், "ஒரு ஏக்கர் நிலக்கடலைக்கு ஜிப்சம் எவ்வளவு அண்ணே?" என்று ஒரு தம்பி கேட்டார். "160 கிலோ" என்று எழுதினேன். சற்று நேரம் கழித்துப் பார்த்தால் கேள்வி, "40 சென்ட் நிலக்கடலைக்கு" என்று மாறியிருக்கிறது. கேட்டால், "என் நிலம் 40 சென்ட்தானே, அதனால் சரிசெய்தேன்" என்கிறார். மற்றவர்கள் நான்தான் தப்பாகச் சொன்னேன் என்று நினைக்க மாட்டார்களா?*
— விழுப்புரம் மாவட்ட வாசகர்

நினைப்பார்கள். 40 சென்ட்டுக்கு வேண்டியது 64 கிலோ. இப்போது குழுவில் நிற்பது அதைப்போல் இரண்டரை மடங்கு. ஜிப்சம் என்பதால் காசோடு போயிற்று, பூச்சிமருந்தாக இருந்திருந்தால் பயிரோடு போயிருக்கும். வாட்ஸ்அப்பில் அனுப்பிய செய்தியை 15 நிமிடத்துக்குள் திருத்தலாம். திருத்தப்பட்டது என்ற சிறு குறிப்பு தெரியுமே தவிர, முன்பு என்ன இருந்தது என்பது மற்றவர்களுக்குத் தெரியாது. ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் வரலாறு காட்டிக்கொடுக்கும், இங்கே காட்டிக்கொடுக்க எதுவும் இல்லை. எனவே எழுத்துப் பிழை தவிர வேறு எதையும், குறிப்பாக அளவு, பரப்பு, பயிரின் வயது ஆகியவற்றை, பதில் வந்தபின் மாற்றவே கூடாது. "அண்ணே, என் நிலம் 40 சென்ட்தான், அதற்கு எவ்வளவு?" என்று கீழே இன்னொரு வரி கேட்பதில் அந்தத் தம்பிக்கு என்ன குறைந்துவிடும்? உங்கள் பக்கமும் ஒரு பழக்கம் வேண்டும்: "160 கிலோ" என்று மட்டும் எழுதாமல் "ஒரு ஏக்கருக்கு 160 கிலோ" என்று கேள்வியின் அளவையும் சேர்த்தே எழுதுங்கள். அப்புறம் கேள்வியை யார் எப்படி மாற்றினாலும் உங்கள் பதில் தன் காலில் நிற்கும்.

*என் கேள்வியை முன்பின் தெரியாத ஒருவர் திருத்தி, ஆங்கிலத்தைச் சரிசெய்து, "வணக்கம்", "நன்றி" ஆகியவற்றையும் எடுத்துவிட்டார். இது அவமதிப்பு இல்லையா?*
— கொழும்பு வாசகி

நன்றி சொல்வதை அழிப்பது நமக்கு உறுத்தத்தான் செய்யும். ஆனால் நீங்கள் கேட்டது ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் என்றால், அங்கே அது எல்லோருக்கும் நடப்பது, உங்களுக்கு மட்டும் நேர்ந்ததல்ல. அங்கே எழுதும் எதையும் பிறர் மாற்றிப் பயன்படுத்த அனுமதிக்கும் உரிமத்தின்கீழ்தான் நாம் எழுதுகிறோம். நல்ல கேள்வி பதில்களுக்குத் தளம் தரும் மதிப்புப் புள்ளிகளில் 2,000 பெற்றவர் நேரடியாகத் திருத்தலாம். அதற்குக் குறைந்தவரின் திருத்தம் பரிசீலனைக்குப் பிறகே ஏறும்.

இலக்கணத்தைத் திருத்தினால் விட்டுவிடுங்கள், பொருளைத் தொட்டிருக்கிறாரா என்று மட்டும் வரலாற்றில் வரிவரியாக ஒப்பிட்டுப் பாருங்கள். "சில சமயம் நின்றுவிடுகிறது" என்று நீங்கள் எழுதியதில் 'சில சமயம்' தேவையற்ற சொல்லாகத் தோன்றி அவர் நீக்கியிருந்தால், அவ்வப்போது வந்துபோகும் கோளாறு நிரந்தரக் கோளாறாகிவிடும். வரும் பதில்களும் தடம் மாறும். அப்போது பழைய நிலைக்குத் திருப்ப உங்களுக்கு முழு உரிமை உண்டு. மொத்தமாகத் திருப்பாமல், அவர் செய்த நல்ல திருத்தங்களை வைத்துக்கொண்டு அந்த இரண்டு சொற்களை மட்டும் மீண்டும் சேர்ப்பது இன்னும் நல்லது.

*பதில் கிடைத்ததும் கேள்வியை நீக்கிவிடலாமா? அற்பமான கேள்வி, பார்க்கவே வெட்கமாக இருக்கிறது.*
— மதுரை வாசகி

நானும் அந்த வெட்கத்தில் ஒருமுறை நீக்கியிருக்கிறேன். முகம் தெரியாத ஒருவர் படம் வரைந்து, அம்புக்குறி போட்டு விளக்கியிருந்த பதில் அதோடு போயிற்று. அதே சிக்கல் எனக்கே மறுபடி வந்து, நான் அழித்த பதிலையே நான் தேடியபோதுதான் உறைத்தது. ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் ஆதரவு வாக்குப் பெற்ற பதில் இருந்தால் கேட்டவரால் கேள்வியை நீக்க முடியாது. மற்ற இடங்களில் முடியும் என்பதற்காக நீக்க வேண்டாம்.

*கேள்வியில் ஒட்டிய நிரலில் தரவுத்தளத்தின் கடவுச்சொல்லும் சேர்ந்து போய்விட்டது. உடனே திருத்தி எடுத்துவிட்டேன். போதுமா?*
— கோவை வாசகர்

போதாது. மேலே புகழ்ந்த அதே திருத்த வரலாறு இங்கே உங்களுக்கு எதிராக நிற்கும். பழைய வடிவத்தைத் திறக்கும் எவருக்கும் கடவுச்சொல் தெரியும். தளத்தின் நெறியாளர்களுக்குத் தெரிவித்து அந்த வடிவத்தை மறைக்கச் சொல்லுங்கள். அதற்கு முன்பே, இந்த வரியைப் படித்து முடிக்கும் முன்பே, கடவுச்சொல்லை மாற்றிவிடுங்கள்.